டேங்கர் விமானங்கள்: நடுவானில் எரிபொருள் நிரப்புவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவில் விமானப்படையின் வான் சாகசக் காட்சி நடந்தது. வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து உயிர்களைப் பறிகொடுத்த நாள் அது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு சென்னையில் விமானங்களைப் பற்றி விசாரிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். திரிசூலம் மலையில் கேமராவோடு காத்திருக்கும் இளைஞர்கள், குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்கள், பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கு விவரம் தேடும் பெற்றோர்கள் என்று பலரும் கேட்டவற்றில் டேங்கர் விமானம் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சுகோய்க்கும் ரஃபேலுக்கும் விழும் கைதட்டலில் சிறு பங்குகூட டேங்கருக்கு விழுவதில்லை. ஆனால் அந்தப் போர் விமானங்கள் எவ்வளவு தூரம் போகலாம், எவ்வளவு நேரம் அங்கே நிற்கலாம் என்பதை முடிவு செய்வது இதுதான்.

டேங்கர் விமானம் என்றால் என்ன?

பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்குப் பறந்தபடியே எரிபொருள் கொடுக்கும் பெரிய விமானம். பெரும்பாலும் அதன் உடல் ஒரு சரக்கு விமானத்துடையதாகவோ பயணிகள் விமானத்துடையதாகவோ இருக்கும். இறக்கைக்கு அடியிலும் வாலுக்கு அடியிலும் இருக்கும் நிரப்புக் கருவிகளை மறைத்துவிட்டால், மீனம்பாக்கத்தில் தினமும் இறங்கும் பெரிய விமானங்களிலிருந்து அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மெரினாவில் சில போர் விமானங்களின் மூக்கருகே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்ததே, அதுதான் எரிபொருள் குழாயா?

இரண்டு வேறு குழாய்கள் இருக்கின்றன. மூக்கின் நுனியில் ஊசிபோல நேராக நீண்டிருப்பது வேகத்தை அளக்கும் கருவி. விமானி அறைக்கு முன்னால், சற்றுப் பக்கவாட்டில், தடிமனாக வளைந்து நிற்பதுதான் எரிபொருள் வாங்கும் குழாய். அதை ‘புரோப்’ என்பார்கள். ரஃபேலிலும் தேஜஸிலும் அது வெளியிலேயே நிலையாக நிற்கும். சுகோய்-30 எம்.கே.ஐ.யில் உள்ளே மடங்கிக்கொள்ளும்; தேவைப்படும்போது மட்டும் விமானி அதை வெளியே நீட்டுவார். கடற்கரையில் நின்று பார்த்தவர்கள் சுகோயில் அதைக் காணவில்லை என்றால் காரணம் இதுதான்.

தரையிலேயே தொட்டி நிறைய நிரப்பிக்கொண்டு கிளம்பினால் போதாதா?

போதாது. எடைதான் பிரச்சினை. ஒரு போர் விமானம் தரையை விட்டு எழும்ப ஓர் உச்ச எடை வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் எரிபொருளும் ஆயுதமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சுகோய்-30 எம்.கே.ஐ. தன் உடலுக்குள் சுமார் 9,600 கிலோ எரிபொருள் கொள்ளும். அதன் வயிற்றுக்கு அடியில் பிரம்மோஸ் ஏவுகணையைத் தொங்கவிட்டால் அது மட்டுமே சுமார் இரண்டரை டன். போதாக்குறைக்கு நம் ஊர் வெயில். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறைகிறது, எஞ்சினின் உந்துவிசையும் குறைகிறது. மே மாதப் பகலில் ஓடுபாதை கூடுதலாகத் தேவைப்படும். இல்லையென்றால் சுமையைக் குறைக்க வேண்டும்.

டேங்கர் இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். ஆயுதத்தை முழுமையாக ஏற்றிக்கொண்டு, எரிபொருளை அளவாக வைத்துக்கொண்டு எழும்பி, மேலே போய்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். 2020 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் உள்ள விமானத் தளத்திலிருந்து கிளம்பிய ஒரு சுகோய், வழியில் எரிபொருள் வாங்கிக்கொண்டு நம் வங்கக் கடலுக்கு வந்து பிரம்மோஸால் ஓர் இலக்குக் கப்பலைத் தாக்கியது. நாட்டின் வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்குக் கடல் வரை! டேங்கர் இல்லாமல் அந்தப் பயணத்தை அந்தச் சுமையோடு செய்திருக்க முடியாது. சுகோய்-பிரம்மோஸ் இணைக்காகவே தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் 222-வது ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) தொடங்கப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் அந்த ஸ்குவாட்ரனின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதும் டேங்கரைப் பொறுத்ததுதான்.

இதற்கென்றே புதிதாக ஒரு விமானம் வடிவமைக்காமல், ஏன் சரக்கு விமானங்களையும் பயணிகள் விமானங்களையும் மாற்றுகிறார்கள்?

டேங்கருக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நிறைய எடை தூக்க வேண்டும். நீண்ட நேரம் பறக்க வேண்டும். சிக்கனமாக, ஆட்டம் குறைவாகப் பறக்க வேண்டும். பெரிய இறக்கை வேண்டும், ஏனென்றால் எரிபொருள் பெரும்பாலும் இறக்கைக்குள்தான் இருக்கிறது. இவை அத்தனையும் நீண்டதூரப் பயணிகள் விமானத்திடம் ஏற்கெனவே உள்ளவை. எஞ்சினுக்கு உதிரிபாகம், பழக்கப்பட்ட மெக்கானிக்குகள், எந்தப் பெரிய விமான நிலையத்திலும் இறங்கும் வசதி என எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன.

இந்தப் பாடத்தை அமெரிக்கா சிரமப்பட்டுத்தான் கற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பி-29 குண்டுவீச்சு விமானங்களை டேங்கராக்கினார்கள். பிறகு சி-97 சரக்கு விமானத்திலிருந்து கே.சி.-97 வந்தது. அதற்குப் பிஸ்டன் எஞ்சின். எரிபொருள் வாங்க வரும் பி-47 ஜெட் விமானமோ அதைவிட மிக வேகம். பி-47 தன் வேகத்தை விழுந்துவிடும் எல்லைக்கு அருகில் குறைக்க வேண்டியிருந்தது. கே.சி.-97 தன் வேகத்தைக் கூட்டுவதற்காகக் கீழ்நோக்கிச் சரிந்தபடியே பறக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டு சரிவில் இறங்கியபடி எரிபொருள் பரிமாறிக்கொண்டன. அதைச் செய்து காட்டிய விமானிகளின் துணிச்சலை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஜெட்டுக்கு ஜெட் டேங்கர்தான் சரி என்று புரிந்தபோது போயிங் நிறுவனம் 367-80 என்ற சோதனை விமானத்தைக் கையில் வைத்திருந்தது. அதிலிருந்து இரண்டு பிள்ளைகள் பிறந்தன: ஒன்று 707 பயணிகள் விமானம், மற்றொன்று கே.சி.-135 டேங்கர். 1956-ல் முதன்முதலாகப் பறந்த கே.சி.-135, கடைசியாகத் தயாரானது 1965-ல். அவற்றில் பல இன்றும் பறக்கின்றன. பிறகு டி.சி.-10 பயணிகள் விமானத்திலிருந்து கே.சி.-10 வந்தது, 60 விமானங்கள். அவை 2024-ல் ஓய்வு பெற்றன. போயிங் 767-லிருந்து கே.சி.-46 வந்தது. ரஷ்யர்கள் ஐ.எல்.-76 சரக்கு விமானத்தை ஐ.எல்.-78 ஆக்கினார்கள். ஐரோப்பாவில் ஏர்பஸ் ஏ330 பயணிகள் விமானம் ஏ330 எம்.ஆர்.டி.டி. என்ற டேங்கர் ஆனது. சீனாவும் தன் ஒய்-20 சரக்கு விமானத்திலிருந்து ஒரு டேங்கரை உருவாக்கிவிட்டது.

ஏ330 கதையில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஏ330-க்கு இரண்டு எஞ்சின், அதன் சகோதர விமானமான ஏ340-க்கு நான்கு. இரண்டுக்கும் அடிப்படையில் ஒரே இறக்கை. ஆகவே ஏ340-ன் வெளிப்புற எஞ்சின்கள் தொங்கும் இடம் ஏ330-ன் இறக்கையில் ஏற்கெனவே வலுவாக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில்தான் எரிபொருள் நிரப்பும் கலங்களைத் தொங்கவிட்டார்கள். பயணிகளுக்காகப் போட்ட ஒரு கணக்கு இருபது ஆண்டு கழித்து ராணுவத்துக்குக் கை கொடுத்தது.

கொடுக்கும் எரிபொருள் தனித் தொட்டியில் இருக்குமா?

தண்ணீர் லாரியில் வண்டிக்கு டீசல் வேறு, தொட்டியில் இருக்கும் தண்ணீர் வேறு. டேங்கர் விமானம் அப்படியில்லை. தான் எரிப்பதையே பிறருக்கும் கொடுக்கிறது. அதனால் எவ்வளவு தூரம் போய், எவ்வளவு நேரம் காத்திருந்து கொடுக்கிறது என்பதைப் பொறுத்துக் கொடுக்கக்கூடிய அளவு குறைந்துகொண்டே வரும். தளத்திலிருந்து தூரம் கூடக் கூட டேங்கரின் கை சுருங்கும்.

ஏ330 எம்.ஆர்.டி.டி. 111 டன் எரிபொருளைக் கூடுதல் தொட்டி எதுவும் வைக்காமலே கொள்கிறது. பயணிகள் அறை அப்படியே காலியாக இருப்பதால் வீரர்களையும் சாமான்களையும் அதே பயணத்தில் கொண்டுபோகலாம். ஐ.எல்.-78-ல் சரக்கு அறைக்குள் இரண்டு பெரிய உருளைத் தொட்டிகளைக் கூடுதலாக வைப்பார்கள். கழற்றிவிட்டால் மறுபடி சரக்கு விமானம்.

விதிவிலக்கும் உண்டு. எஸ்.ஆர்.-71 உளவு விமானம் ஜே.பி.-7 என்ற தனி வகை எரிபொருளில்தான் ஓடியது. அதற்காகவே கே.சி.-135 க்யூ என்று தனியாக ஒரு வகை இருந்தது. அதில் இரண்டு எரிபொருளும் கலந்துவிடாதபடி தொட்டிகளைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

நடுவானில் எப்படித்தான் நிரப்புகிறார்கள்?

இரண்டு முறைகள். முதலாவது ‘பூம்’. டேங்கரின் வாலுக்கு அடியிலிருந்து நீளும் விறைப்பான குழாய் இது. அதற்கே சிறு இறக்கைகள் உண்டு. டேங்கரில் உள்ள ஓர் ஆபரேட்டர் அதை ஓட்டிக்கொண்டுவந்து, கீழே வந்து நிற்கும் விமானத்தின் முதுகில் உள்ள துவாரத்தில் பொருத்துவார். கே.சி.-135-ல் அவர் வாலருகே குப்புறப் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துச் செய்வார். கே.சி.-46-ல் முன்பக்கம் உட்கார்ந்து கேமரா திரையைப் பார்த்துச் செய்கிறார். பூம் வழியாக எரிபொருள் வேகமாகப் பாயும், கே.சி.-46-ல் நிமிடத்துக்குச் சுமார் 4,500 லிட்டர். அதே விமானத்தின் ஹோஸ் (வளையும் குழாய்) வழியாகப் போவது சுமார் 1,500 லிட்டர்தான். குண்டுவீச்சு விமானம், பெரிய சரக்கு விமானம் ஆகியவற்றுக்கு அமெரிக்க விமானப்படை பூமையே நம்புவது இதனால்தான்.

இரண்டாவது, நம் விமானப்படை பயன்படுத்தும் முறை: ஹோஸும் கூடையும். டேங்கர் ஒரு நீண்ட ஹோஸைப் பின்னால் விடுகிறது. அதன் நுனியில் கூம்பு வடிவக் கூடை. இதில் பெரும்பாடு படுவது வாங்க வரும் விமானிதான். அவர் முதலில் டேங்கரின் பக்கவாட்டில் வந்து காத்திருப்பார். அனுமதி கிடைத்ததும் கூடைக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி நின்று வேகத்தைச் சமன் செய்வார். நிரப்புக் கலத்தின் பின்புறம் மஞ்சள் விளக்கு எரிந்தால் நெருங்கலாம். இரண்டு விமானமும் மணிக்கு 500 கிலோமீட்டரில் பறந்தாலும், கூடையை நோக்கி அவர் முன்னேறுவது நாம் நடக்கும் வேகத்தில்தான்.

கடைசி ஒரு மீட்டர்தான் பொல்லாதது. போர் விமானத்தின் மூக்கு தள்ளிக்கொண்டு வரும் காற்றலை கூடையை மேலேயும் பக்கவாட்டிலுமாக ஒதுக்கிவிடும். கூடையைத் துரத்தினால் தோற்றுவிடுவோம் என்றுதான் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். பார்வையைப் பெரும்பாலும் டேங்கர் மீதே வைத்து, ஓரக்கண்ணில் கூடையைப் பார்த்து, சீராக முன்னேற வேண்டும். பொருந்தியதும் இன்னும் ஓரிரு மீட்டர் முன்னால் தள்ள வேண்டும். டேங்கரில் உள்ள உருளை ஹோஸைச் சுருட்டித் தளர்ச்சியை எடுத்துக்கொள்ளும், வால்வு திறக்கும், பச்சை விளக்கு எரியும், எரிபொருள் பாயத் தொடங்கும். அந்த நிமிடங்களில் வாங்கும் விமானத்தின் எடை ஏறிக்கொண்டே போகும். எஞ்சின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே இருந்தால்தான் இடத்தில் நிற்க முடியும். முடிந்ததும் மெல்லப் பின்வாங்க, புரோப் விடுபடும் நொடியில் ஒரு சின்ன எரிபொருள் படலம் புகைபோலச் சிதறும். சிவப்பு விளக்கு எரிந்தால் எந்தக் கட்டத்திலும் உடனே விலகிவிட வேண்டும்.

இந்தியாவிடம் எத்தனை டேங்கர்கள் இருக்கின்றன?

சொந்தமாக ஆறு. எல்லாம் ஐ.எல்.-78 எம்.கே.ஐ. ஐ.எல்.-76-ன் வழிவந்தவை, உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் தயாரானவை. 2003-ல் வரத் தொடங்கின. ஆக்ராவில் உள்ள 78-வது ஸ்குவாட்ரன் இவற்றை இயக்குகிறது. இரண்டு இறக்கைகளுக்கு அடியில் ஒவ்வொன்று, உடலின் பின்பகுதியில் ஒன்று என மூன்று ஹோஸ்கள். ஒரே நேரத்தில் இரண்டு போர் விமானங்கள் இரு பக்கமும் வாங்கிக்கொள்ளலாம்.

ஐ.எல்.-76-ன் வாலில் ஒரு காலத்தில் துப்பாக்கி வீரர் உட்காரும் அறை இருந்தது. டேங்கரில் அதே இடத்தில் எரிபொருள் நிரப்புவதைக் கண்காணிப்பவர் உட்காருகிறார். சுடுவதற்காகப் பின்பக்கம் பார்த்து அமைத்த இருக்கையிலிருந்து, இப்போது நெருங்கி வரும் சக வீரரின் விமானத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

2018 செப்டம்பர் 10 அன்று இந்த ஐ.எல்.-78 ஒன்றிலிருந்துதான் தேஜஸ் முதன்முறையாக நடுவானில் எரிபொருள் வாங்கியது. 20,000 அடி உயரம், 1,900 கிலோ எரிபொருள். அதற்கு முந்தைய சில நாட்கள் எரிபொருள் பாய்ச்சாமல், கூடையோடு இணைந்து பிரிவதை மட்டும் பழகினார்கள். தேஜஸுக்கு அன்று கிடைத்த வலிமை சாதாரணமானதல்ல. இயல்பிலேயே சிறிய விமானம், சிறிய தொட்டி; டேங்கரால் அதிகம் பயனடைவது அப்படிப்பட்ட விமானம்தான்.

ஆறு போதுமா?

போதாது. இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறு இருக்கிறது என்றால் ஆறும் பறக்கிறது என்று அர்த்தமில்லை. எப்போதும் ஒன்றிரண்டு பராமரிப்பில் இருக்கும். 2010 முதல் 2016 வரையிலான காலத்தை ஆராய்ந்து இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை 2017-ல் அறிக்கை தந்தது. பறக்கத் தயாராக இருக்க வேண்டிய அளவு 70 சதவீதம், சராசரியாக இருந்தது 49 சதவீதம் என்றது அது. ஆறில் மூன்று. வடக்கே மலை எல்லை, மேற்கே பாலைவனம், தெற்கே பெருங்கடல் என்று பரந்து கிடக்கும் நாட்டுக்கு மூன்று டேங்கர்! ஆக்ராவிலிருந்து சென்னை வரவே சுமார் 1,600 கிலோமீட்டர். வங்கக் கடலுக்கு மேல் நின்று கொடுப்பதற்கு முன்பே தன் எரிபொருளில் ஒரு பகுதியை அது வழியிலேயே எரித்துவிடும்.

வாங்க முயலவில்லையா என்றால், முயன்றார்கள். 2009-ல் ஏ330 எம்.ஆர்.டி.டி. தேர்வானது, விலை அதிகம் என்று நிதி அமைச்சகம் ஆட்சேபிக்க, 2010 ஜனவரியில் ரத்தானது. 2013-ல் மறுபடி அதே விமானம் தேர்வானது. 2016-ல் அதுவும் கைவிடப்பட்டது. இதற்குள் ஆஸ்திரேலியா, பிரிட்டன், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி என்று வரிசையாக அதே விமானத்தை வாங்கிவிட்டார்கள். பாகிஸ்தானும் தன் பங்குக்கு நான்கு ஐ.எல்.-78களைச் சேர்த்துக்கொண்டது. முன்பே வாங்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும், அனுபவமும் கூடியிருக்கும். பளபளக்கும் போர் விமானத்துக்குப் பணம் ஒதுக்குவது எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது. பின்னால் நின்று தாங்கும் விமானம் என்றால் கோப்பு நகர மறுக்கிறது.

2025 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் மெட்ரியா என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து ஒரு கே.சி.-135-ஐ விமானிகளோடு சேர்த்துக் குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டது. விமானப்படை, கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி தருவதற்காக. நல்ல முடிவுதான், இருக்கும் ஆறின் சுமை கொஞ்சம் குறையும். ஆனால் பயிற்சிக்கு வாடகை விமானம் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டோம் என்பதே எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பதைக் காட்டுகிறது.

பழைய பயணிகள் விமானத்தை வாங்கி மாற்றலாம் என்கிறார்களே, அது சரிப்படுமா?

சரிப்படும். 2022 ஏப்ரலில் பெங்களூரு எச்.ஏ.எல்.லும் இஸ்ரேலின் ஐ.ஏ.ஐ. நிறுவனமும் இதற்காக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. பயணிகள் சேவையில் இருந்த விமானங்களை இந்தியாவிலேயே டேங்கராக மாற்றுவதுதான் நோக்கம். ஐ.ஏ.ஐ.க்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. கொலம்பியாவுக்காக ஒரு 767-ஐ இப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

‘பழைய விமானமா!’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விமானத்தின் உடல் களைப்பது வயதால் அல்ல; எத்தனை முறை ஏறி இறங்கியது, எத்தனை முறை உள்காற்றழுத்தம் ஏறித் தணிந்தது என்பதால். பயணிகள் விமானம் நாள் தவறாமல் பறக்கும். டேங்கர் அந்த அளவுக்குப் பறப்பதில்லை. அதனால் பயணிகள் சேவையில் பாதி ஆயுள் கழிந்த உடலும் டேங்கராகப் பல ஆண்டுகள் உழைக்கும். பிரிட்டன், அர்ஜென்டினாவோடு 1982-ல் நடந்த ஃபாக்லாந்து போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ஏர்வேஸ், பான் ஆம் ஆகியவற்றின் பழைய டிரைஸ்டார் விமானங்களை வாங்கி இப்படித்தான் மாற்றியது. அவை 2014 வரை பறந்தன.

ஆனால் மாற்றுவது லேசான வேலையும் அல்ல. புதிய குழாய்களும் பம்புகளும் போட வேண்டும், கலங்களைத் தாங்க இறக்கையை வலுப்படுத்த வேண்டும், மின்சாரத்தையும் ஹைட்ராலிக்கையும் கூட்ட வேண்டும், கண்காணிக்கக் கேமரா, ராணுவ ரேடியோ எல்லாம் வேண்டும். பிறகு ஒவ்வொரு வகைப் போர் விமானத்தோடும் தனித்தனியாகப் பறந்து சோதிக்க வேண்டும். போயிங்கே கே.சி.-46 ஒப்பந்தத்தை 2011-ல் பெற்று, முதல் விமானத்தை 2019 ஜனவரியில்தான் ஒப்படைத்தது. ஆபரேட்டர் பார்க்கும் கேமரா அமைப்பில் குறை இருந்து, அதைப் புதிதாக வடிவமைக்க வேண்டிவந்தது.

தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகியவை இருக்கின்றன. டேங்கர் மாற்றும் பணி இந்தியாவுக்கு வந்தால் குழாய் இணைப்பு, வால்வு, பம்ப், வயரிங் என்று நம் பட்டறைகளுக்குத் தகுந்த வேலை நிறைய இருக்கும். பம்புக்குப் பேர்போன கோவைக்கு இதில் பங்கு வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நம் டேங்கர் எல்லா விமானத்துக்கும் கொடுக்குமா?

புரோப் உள்ளவற்றுக்கு மட்டும்: சுகோய், ரஃபேல், மிராஜ், ஜாகுவார், தேஜஸ் போன்றவை. நேத்ரா என்ற நம் வான்வழிக் கண்காணிப்பு விமானமும் 2017-ல் இப்படி எரிபொருள் வாங்கியது. சி-17 சரக்கு விமானத்துக்கு முதுகில் துவாரம், அதற்குப் பூம் வேண்டும், ஐ.எல்.-78-ல் பூம் இல்லை. புதிதாக வாங்கும் டேங்கரில் இரண்டு முறையும் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

2020 ஜூலையில் முதல் ஐந்து ரஃபேல்கள் பிரான்ஸிலிருந்து கிளம்பியபோது வழியில் எரிபொருள் கொடுத்தது பிரெஞ்சு விமானப்படையின் ஏ330 டேங்கர். அதே ஆண்டு நவம்பரில் அடுத்த மூன்று, எங்கும் இறங்காமல் நேராக ஜாம்நகர் வந்து சேர்ந்தன.

ஒரு டேங்கர் இன்னொரு டேங்கருக்குக் கொடுக்குமா?

கொடுக்கும். 1982-ல் அட்லாண்டிக் கடலின் நடுவிலிருக்கும் அசென்ஷன் தீவிலிருந்து ஃபாக்லாந்து வரை போய் பிரிட்டனின் ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் தாக்க வேண்டியிருந்தது. ஒரு வழித் தூரமே 6,000 கிலோமீட்டருக்கு மேல். அந்த ஒற்றை விமானத்துக்காக 11 விக்டர் டேங்கர்கள் கிளம்பின. ஒன்று மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப, வாங்கியது மேலும் முன்னே போய் வல்கனுக்குக் கொடுத்தது. விக்டர் பழைய குண்டுவீச்சு விமானம். கொடுக்கும் அளவு குறைவு, அதனால்தான் இத்தனை தேவைப்பட்டன. பெரிய பயணிகள் விமானத்தை நோக்கி பிரிட்டன் திரும்பியதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

இதை முதலில் செய்தது யார்?

1923 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் சான் டியாகோவில், மேலே ஒரு விமானம், கீழே ஒரு விமானம், நடுவில் தொங்கும் ஒரு ரப்பர் குழாய். கீழே இருந்தவர் அதைக் கையால் பிடித்துத் தொட்டியில் செருகினார். 1929 புத்தாண்டு அன்று கிளம்பிய ‘கொஸ்டின் மார்க்’ என்ற விமானம் 150 மணி நேரத்துக்கு மேல் தரையைத் தொடாமல் பறந்தது. அதற்கு எரிபொருளும் சாப்பாடும் கொடுத்தவை டக்ளஸ் சி-1 என்ற போக்குவரத்து விமானங்கள். அப்போதே டேங்கர் வேலைக்கு வந்தது போக்குவரத்து விமானம்தான்.

நமக்கு நெருக்கமான ஒரு கதையும் உண்டு. ஆலன் காபம் என்ற ஆங்கிலேய விமானி 1934 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்திலிருந்து அப்போதைய இந்தியாவின் கராச்சிக்கு எங்கும் இறங்காமல் பறக்கக் கிளம்பினார். எரிபொருள் கொடுக்க அவர் ஏற்பாடு செய்தது ஹேண்ட்லி பேஜ் டபிள்யூ-10 விமானங்களை. முன்பு இம்பீரியல் ஏர்வேஸில் பயணிகளை ஏற்றியவை. மத்தியதரைக் கடல் வரை வந்தவருக்கு எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் இணைப்பு பழுதாகி, மால்டாவில் இறங்க வேண்டியதாயிற்று. அவருக்கு எரிபொருள் கொடுத்த டபிள்யூ-10 ஒன்று அதே நாளில் இங்கிலாந்தில் விழுந்து நொறுங்கியது. அவ்வளவுக்குப் பிறகும் அவர் விடவில்லை. இன்று நம் விமானப்படை பயன்படுத்தும் ஹோஸ்-கூடை முறையை 1949-ல் உலகுக்குக் காட்டியது அவர் தொடங்கிய நிறுவனம்தான்.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது. 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பாலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே ஒரு பி-52 குண்டுவீச்சு விமானமும் கே.சி.-135 டேங்கரும் மோதின. டேங்கரில் இருந்த நால்வரும் பி-52-ல் மூவரும் இறந்தார்கள். பி-52-ல் நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் இருந்தன. மூன்று தரையில் விழுந்தன. கடலில் விழுந்த நான்காவதை எடுக்கக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆனது. 2018 டிசம்பரில் ஜப்பானுக்கு அருகே இரவுப் பயிற்சியில் ஒரு கே.சி.-130 டேங்கரும் எஃப்-18 போர் விமானமும் மோதி ஆறு பேர் இறந்தார்கள். பயிற்சியை அடிக்கடி செய்ய வேண்டும் என்று விமானப்படை வற்புறுத்துவது இதனால்தான். பழக்கம் விட்டுப்போகக் கூடாத கலை இது.

சென்னை–லண்டன் பயணிகள் விமானத்துக்கு இப்படி நிரப்புவார்களா?

தேவையே இல்லை. சுமார் 8,200 கிலோமீட்டரை இன்றைய விமானங்கள் ஒரே மூச்சில் கடக்கின்றன. 1939-ல் அட்லாண்டிக்கைக் கடந்த பிரிட்டனின் தபால் விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் கொடுத்தார்கள். போர் வந்ததும் அது நின்றுபோனது.

ஆளில்லாமல் தானாகவே நிரப்பும் காலம் வருமா?

பாதி வந்துவிட்டது. ஏ330 எம்.ஆர்.டி.டி.யின் பூமை கணினியே பொருத்தும் முறைக்கு 2022-ல் பகல்நேரப் பயன்பாட்டுக்குச் சான்று கிடைத்தது. சிங்கப்பூர் விமானப்படை அந்தச் சோதனைகளில் கைகோத்திருந்தது. ஆபரேட்டர் பக்கத்திலிருந்து கண்காணிக்கிறார்.

சென்னையில் டேங்கரைப் பார்க்க முடியுமா?

அபூர்வம். நம் டேங்கர்களின் வீடு ஆக்ரா. கோவை சூலூரில் 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாடுகளோடு ‘தரங் சக்தி’ கூட்டுப் பயிற்சி நடந்தது. அதுபோன்ற நாட்களில் தமிழகத்துக்கு மேல் பெரிய விமானங்களின் போக்குவரத்து கூடும். நான்கு எஞ்சின், மேலே தூக்கி வைத்த இறக்கை, டி வடிவ வால், இறக்கை நுனியருகே எஞ்சின் அல்லாத ஒரு கலம் தொங்கினால் அது ஐ.எல்.-78. திரிசூலம் மலையிலிருந்தோ வீட்டு மொட்டை மாடியிலிருந்தோ வானத்தைப் பாருங்கள். தாம்பரம், அரக்கோணம் போன்ற ராணுவத் தளங்களின் வேலியோரம் கேமராவோடு போகாதீர்கள். அங்கே படம் எடுப்பது சட்டப்படி குற்றம்.